முரண்வடிவ வினை (இலத்தீன்)

முரண்வடிவ வினை என்பது வடிவத்தில் செயப்பாட்டுவினையாகவும் பொருளில் செய்வினையாகவும் அமையும் வினைச்சொல் ஆகும். இலத்தீன் இலக்கணத்தில் இத்தகைய வினைகள் தேப்போனெந்தியா என்று அழைக்கப்படுகின்றன. ஆங்கில வழி நூல்களில் இவை டெப்போனென்ட் வினைகள் எனப்படும். பேசு, பின்தொடர், பிற, இற, முயல், பயன்படுத்து முதலிய அன்றாடப் பொருள் தரும் இலத்தீன் வினைகள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. எனவே இவற்றை அறியாமல் எளிய இலத்தீன் உரைநடையையும் சரியாகப் படிக்க இயலாது.

முரண்வடிவ வினைகள் பொதுவாக விதிவிலக்குகளாகக் கற்பிக்கப்படுகின்றன. ஆயினும் இவற்றின் வடிவம் தற்செயலாக ஏற்பட்டதன்று. செயப்பாட்டுவினை தோன்றுவதற்கு முன்பே இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் இருந்த வேறொரு வினைப்பகுப்பின் எச்சமாக இவை விளங்குகின்றன. கிரேக்கம், சமசுகிருதம், பழைய ஐரிய மொழி ஆகியவற்றிலும் இதற்கு இணையான வினைகள் உள்ளன.

பெயர்

'தேப்போனெரெ' என்னும் இலத்தீன் வினைக்குக் கீழே வைத்தல், களைந்து வைத்தல் என்பன பொருள். இவ்வினைகள் தமக்குரிய செயப்பாட்டுப் பொருளைக் களைந்துவிட்டன என்று பண்டைய இலக்கண ஆசிரியர்கள் கருதியதால் இப்பெயர் ஏற்பட்டது.

கி.பி. 4 ஆம் நூற்றாண்டில் உரோமில் ஆசிரியராக இருந்த தொனாத்துஸ், வினைகளை ஐந்து வகைகளாகப் பிரித்தார். அவை செய்வினை, செயப்பாட்டுவினை, இரண்டும் அல்லாத வினை, முரண்வடிவ வினை, பொதுவினை என்பனவாகும். முரண்வடிவ வினையை அறிய அவர் ஓர் எளிய சோதனையைத் தந்தார். செயப்பாட்டுவினையின் இறுதியில் உள்ள 'ர்' ஒலியை நீக்கினால் ஒரு செய்வினை கிடைக்கும். முரண்வடிவ வினையில் அதனை நீக்கினால் கிடைப்பது இலத்தீன் சொல்லே அன்று. 'ர்' ஒலியில் முடிந்து இரு பொருளையும் தரவல்ல வினைகளை அவர் பொதுவினை என்றார். முத்தமிடு என்னும் பொருள்தரும் 'ஒஸ்குலொர்' இதற்கு எடுத்துக்காட்டாகும்.

இலத்தீனில் செய்வினையும் செயப்பாட்டுவினையும்

தமிழில் செயப்பாட்டுவினை 'படு' என்னும் துணைவினையால் ஆக்கப்படுகிறது. இலத்தீனில் நிகழ்காலம், எதிர்காலம் முதலியவற்றில் துணைவினை தேவையில்லை. விகுதி மாறினாலே போதுமானது.

- வொக்கத் - அழைக்கிறான்
- வொக்காத்துர் - அழைக்கப்படுகிறான்
- போர்த்தத் - சுமக்கிறான்
- போர்த்தாத்துர் - சுமக்கப்படுகிறான்

'துர்' என்று முடிவது படர்க்கை ஒருமைச் செயப்பாட்டுவினை என்பது மாணவர் முதலில் கற்கும் விதி. 'பேசு' என்னும் வினையின் நிகழ்கால வடிவங்களிலும் இதே வரிசை விகுதிகளே காணப்படுகின்றன.

- லொக்வொர் - பேசுகிறேன்
- லொக்வெரிஸ் - பேசுகிறாய்
- லொக்வித்துர் - பேசுகிறான்
- லொக்விமுர் - பேசுகிறோம்
- லொக்விமினீ - பேசுகிறீர்கள்
- லொக்வுந்துர் - பேசுகிறார்கள்

வடிவத்தை மட்டும் பார்த்தால் 'லொக்வித்துர்' என்பதற்குப் 'பேசப்படுகிறான்' என்றே பொருள்கொள்ளத் தோன்றும். ஆனால் அச்சொல்லுக்கு அப்பொருள் இல்லை. இவ்வினைக்கு இணையான செய்வினை வடிவம் செவ்விய இலத்தீனில் இல்லை.

இறந்தகாலத்திலும் இதே நிலை காணப்படுகிறது. 'வொக்காத்துஸ் எஸ்த்' என்றால் 'அழைக்கப்பட்டான்' என்று பொருள். அதே அமைப்பில் உள்ள 'செக்கூத்துஸ் எஸ்த்' என்பது 'பின்தொடர்ந்தான்' என்று பொருள்படும்.

வாக்கியத்தில் அடையாளம் காணல்

முரண்வடிவ வினையைத் தவறாகப் படித்தால் வாக்கியத்தில் செய்தவன் யார், செய்யப்பட்டவன் யார் என்பது தலைகீழாகிவிடும். வரலாற்று நூல், சட்ட ஆவணம், கடிதம் எதுவாயினும் இப்பிழை முழுச் செய்தியையும் மாற்றக்கூடியது. பின்வரும் இரு வாக்கியங்களை ஒப்பிடலாம்.

- செர்வுஸ் ஆ தொமினோ வொக்காத்துர் - பணியாள் தலைவனால் அழைக்கப்படுகிறான்
- செர்வுஸ் தொமினும் செக்வித்துர் - பணியாள் தலைவனைப் பின்தொடர்கிறான்

இரண்டிலும் வினை 'துர்' என்றே முடிகிறது. முதல் வாக்கியத்தில் செயலைச் செய்பவன் தலைவன். இரண்டாவதில் செயலைச் செய்பவன் பணியாள். இரண்டாம் வாக்கியத்தைச் செயப்பாட்டுவினையாகப் படிப்பவர், பணியாள் பின்தொடரப்படுகிறான் என்று நேர்மாறாகப் புரிந்துகொள்வார்.

பிழையைத் தவிர்க்க மூன்று குறிப்புகள் உதவும்.

- வேற்றுமை: 'தொமினும்' என்பது இரண்டாம் வேற்றுமை வடிவம், அதாவது 'தலைவனை'. உண்மையான செயப்பாட்டுவினை பொதுவாக இவ்வாறு செயப்படுபொருளை ஏற்பதில்லை. 'துர்' ஈற்று வினையுடன் இரண்டாம் வேற்றுமைப் பெயர் வந்தால் அது முரண்வடிவ வினையாக இருக்க வாய்ப்பு மிகுதி.
- செய்பவனைக் குறிக்கும் தொடர்: 'ஆ தொமினோ' (தலைவனால்) போன்ற தொடர் இருந்தால் வினை பெரும்பாலும் செயப்பாட்டுவினையே.
- அகராதி: இலத்தீன் அகராதிகள் வினைகளைத் தன்மை ஒருமை நிகழ்கால வடிவத்தில் தருகின்றன. சாதாரண வினை 'ஓ' என்று முடியும் (வொக்கோ - அழைக்கிறேன்). முரண்வடிவ வினையின் தலைச்சொல் 'ஒர்' என்று முடியும் (செக்வொர் - பின்தொடர்கிறேன்).

வாக்கியத்தில் வினை மட்டுமே தனித்து நின்றால் முதல் இரண்டு குறிப்புகளும் பயன்படா. அப்போது சொல்லை முன்பே அறிந்திருப்பது அல்லது அகராதியைப் பார்ப்பதே வழியாகும்.

ஏவல் வடிவத்திலும் கவனம் தேவை. 'செக்வெரெ' என்பதற்குப் 'பின்தொடர்' என்று பொருள். இது 'எழுத' என்னும் பொருள்தரும் 'ஸ்கிரீபெரெ' போன்ற செய்வினை எச்ச வடிவத்தைப் போலவே ஒலிக்கிறது.

வகைகள்

இலத்தீன் வினைகள் நான்கு வாய்பாடுகளாகப் பிரிக்கப்படுகின்றன. முரண்வடிவ வினைகள் எல்லா வாய்பாடுகளிலும் உள்ளன.

- முதல் வாய்பாடு: ஹொர்த்தொர் (ஊக்குவிக்கிறேன்), கோனொர் (முயல்கிறேன்), மீரொர் (வியக்கிறேன்), இமித்தொர் (பார்த்துப் பின்பற்றிச் செய்கிறேன்)
- இரண்டாம் வாய்பாடு: வெரெயொர் (அஞ்சுகிறேன்), ஃபத்தெயொர் (ஒப்புக்கொள்கிறேன்)
- மூன்றாம் வாய்பாடு: செக்வொர் (பின்தொடர்கிறேன்), லொக்வொர் (பேசுகிறேன்), நாஸ்கொர் (பிறக்கிறேன்), ஈராஸ்கொர் (சினம் கொள்கிறேன்), புரொஃபிகீஸ்கொர் (புறப்படுகிறேன்)
- மூன்றாம் வாய்பாட்டின் இகர உட்பிரிவு: மொரியொர் (இறக்கிறேன்), பத்தியொர் (துன்பத்தைத் தாங்குகிறேன்)
- நான்காம் வாய்பாடு: மெந்தியொர் (பொய் சொல்கிறேன்)

ஊத்தொர் (பயன்படுத்துகிறேன்), ஃப்ருவொர் (துய்க்கிறேன்), ஃபுங்கொர் (கடமையை நிறைவேற்றுகிறேன்), பொத்தியொர் (கைப்பற்றுகிறேன்), வேஸ்கொர் (உண்கிறேன்) ஆகிய ஐந்தும் தனிக் குழுவாகக் கற்பிக்கப்படுகின்றன. இவை பொதுவாக இரண்டாம் வேற்றுமைக்குப் பதிலாகக் கருவிப்பொருளையும் உணர்த்தும் வேற்றுமையை ஏற்கின்றன. 'கிளதியோ ஊத்தித்துர்' என்பதற்கு 'வாளைப் பயன்படுத்துகிறான்' என்று பொருள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'வாளால் தனக்குப் பயன் கொள்கிறான்' என்பது இதன் அமைப்புக்கு நெருக்கமானது.

முரண் இல்லாத வடிவங்கள்

ஒரு முரண்வடிவ வினையின் எல்லா வடிவங்களும் செயப்பாட்டுவினையைப் போல அமைவதில்லை. சில வடிவங்கள் செய்வினைக்கே உரியவை. அவற்றில் வடிவமும் பொருளும் ஒத்தே இருக்கும்.

- நிகழ்காலப் பெயரெச்சம்: செக்வேன்ஸ் - பின்தொடர்கிற
- எதிர்காலப் பெயரெச்சம்: செக்கூத்தூருஸ் - பின்தொடரவிருக்கிற

மாறாக, கடமைப்பொருள் தரும் எச்சம் வடிவத்திலும் பொருளிலும் செயப்பாட்டுத் தன்மை உடையது. 'ஹொர்த்தந்துஸ்' என்றால் 'ஊக்குவிக்கப்பட வேண்டிய' என்று பொருள்படும்.

இறந்தகாலப் பெயரெச்சம் தனிச் சிறப்புடையது. இலத்தீனின் சாதாரண வினைகளுக்கு இறந்தகாலச் செய்வினைப் பெயரெச்சம் இல்லை. 'வொக்காத்துஸ்' என்றால் 'அழைக்கப்பட்ட' என்றுதான் பொருள். 'அழைத்த' என்பதை ஒரே சொல்லால் கூற முடியாது. அதற்குத் தனித் தொடரோ துணை வாக்கியமோ தேவை. முரண்வடிவ வினைகளோ இக்குறையை நிரப்புகின்றன. 'லொக்கூத்துஸ்' என்பது 'பேசிய' என்றோ 'பேசி' என்றோ பொருள்படும். 'பௌக்கா லொக்கூத்துஸ் அபியித்' என்ற தொடரைத் தமிழில் 'சில சொற்கள் பேசிச் சென்றான்' என்று வினையெச்சத்தால் அப்படியே கூறலாம்.

அரை முரண்வடிவ வினைகள்

சில வினைகள் நிகழ்காலத்தில் செய்வினை வடிவத்தையும் இறந்தகாலத்தில் செயப்பாட்டு வடிவத்தையும் பெறுகின்றன. பொருள் இரண்டிலும் செய்வினைப் பொருளே. இவை அரை முரண்வடிவ வினைகள் எனப்படும்.

- ஔதெயோ (துணிகிறேன்) - ஔஸுஸ் ஸும் (துணிந்தேன்)
- கௌதெயோ (மகிழ்கிறேன்) - காவீஸுஸ் ஸும் (மகிழ்ந்தேன்)
- ஸொலெயோ (வழக்கமாகச் செய்கிறேன்) - ஸொலித்துஸ் ஸும் (வழக்கமாகச் செய்தேன்)
- ஃபீதோ (நம்புகிறேன்) - ஃபீஸுஸ் ஸும் (நம்பினேன்)

'ரெவெர்த்தொர்' (திரும்பி வருகிறேன்) என்னும் வினை இதற்கு எதிரானது. இது நிகழ்காலத்தில் செயப்பாட்டு வடிவம் உடையது. செவ்விய இலத்தீனில் இதன் இறந்தகாலம் பெரும்பாலும் 'ரெவெர்த்தீ' என்று செய்வினை வடிவத்தில் வரும்.

எதிர்த்திசை முரண்

வடிவத்தில் செய்வினையாகவும் பொருளில் செயப்பாட்டுவினையாகவும் உள்ள வினைகள் இலத்தீனில் மிகச் சில. 'வாப்புலோ' என்றால் 'அடிக்கப்படுகிறேன்' என்று பொருள். செய்வினை விகுதி பெற்றிருந்தும் இதில் எழுவாய் அடி வாங்குபவரே. 'ஃபீயோ' (ஆகிறேன்) என்னும் வினை 'செய்' என்னும் வினைக்குச் செயப்பாட்டுவினையாகவும் வழங்குகிறது.

'வேனெயோ' (விற்கப்படுகிறேன்) என்னும் வினையின் பிறப்பு தெளிவாகத் தெரிகிறது. விற்பனை என்னும் பொருளுடைய 'வேனும்' என்ற சொல்லுடன் 'போ' என்னும் வினை சேர்ந்து இது உருவானது. அதே பெயருடன் 'கொடு' என்னும் வினை சேர்ந்து 'வேந்தோ' (விற்கிறேன்) என்பது உருவானது. எனவே விற்பனைக்குக் கொடுப்பது விற்றல். விற்பனைக்குப் போவது விற்கப்படுதல். தமிழின் 'விலைபோதல்' என்னும் வழக்கும் இதே அமைப்பில் உள்ளது.

தோற்றம்

முதல் இந்தோ-ஐரோப்பிய மொழியில் செய்வினைக்கு எதிராகச் செயப்பாட்டுவினை என்ற தனிப் பகுப்பு இருக்கவில்லை என்பது மொழியியலாளர்களின் பொதுக் கருத்தாகும். செய்வினைக்கு எதிராக நடுவினை என்ற பகுப்பே இருந்தது. செயலின் பயனோ பாதிப்போ செய்பவரிடமே தங்கும்போது நடுவினை வடிவம் வந்தது. செய்பவரே பாதிக்கப்படுவதைக் குறித்த இவ்வடிவம், பிறரால் பாதிக்கப்படுவதையும் குறிக்கத் தொடங்கியது. இலத்தீனின் செயப்பாட்டுவினை இவ்வாறு உருவானது. ஆனால் செயப்பாட்டுப் பொருளுக்கு மாறாமல் பழைய நடுவினை வடிவத்திலேயே நிலைத்துவிட்ட வினைகளும் இருந்தன. அவற்றுள் பலவே முரண்வடிவ வினைகள்.

இப்பகுப்பு சமசுகிருதத்தில் தெளிவாகக் காணப்படுகிறது. அங்கு வினை விகுதிகள் பரஸ்மைபதம் (பிறர்க்கான சொல்), ஆத்மனேபதம் (தனக்கான சொல்) என இரு வகைப்படும். வேள்வி செய்தலைக் குறிக்கும் வினை இதற்கு வழக்கமான எடுத்துக்காட்டாகும். பிறருக்காக வேள்வி நடத்தும் புரோகிதரைப் பற்றி 'யஜதி' என்பர். தன் நலனுக்காக வேள்வி செய்விக்கும் தலைவனைப் பற்றி 'யஜதே' என்பர். இவ்வாறு இரு வகை விகுதிகளையும் ஏற்கும் வினைகளில், வினைப்பயன் வினைமுதலையே சேரும்போது ஆத்மனேபதம் வரும் என்று பாணினி தமது அஷ்டாத்யாயியில் விதித்துள்ளார். ஆத்மனேபத விகுதிகளை மட்டுமே ஏற்கும் வினைகளும் உண்டு. லபதே (பெறுகிறான்), சேவதே (பணி செய்கிறான்), பாஷதே (பேசுகிறான்) என்பன அத்தகையவை. தமிழில் வழங்கும் லாபம், சேவை, பாஷை ஆகிய சொற்கள் இவ்வினைகளின் வேர்களிலிருந்து வந்தவை.

சமசுகிருதச் செயப்பாட்டுவினையும் ஆத்மனேபத விகுதிகளையே பயன்படுத்துகிறது. 'க்ரியதே' என்றால் 'செய்யப்படுகிறது' என்று பொருள். இதே தோற்றமுடைய 'ம்ரியதே' என்பதற்கு 'இறக்கிறான்' என்றும், 'ஜாயதே' என்பதற்குப் 'பிறக்கிறான்' என்றும் பொருள். இவ்விரண்டும் இலத்தீனின் மொரியொர், நாஸ்கொர் ஆகிய முரண்வடிவ வினைகளுக்கு வேர்வழி உறவுடையவை. மரணம் என்னும் சொல்லும் 'ம்ரியதே' என்பதன் வேரிலிருந்து வந்ததாகும்.

பின்தொடர் என்னும் வினையில் இவ்வொற்றுமை இன்னும் விரிவாகக் காணப்படுகிறது.

- இலத்தீன்: செக்வித்துர்
- கிரேக்கம்: ஹெப்பெத்தாய்
- வேதகாலச் சமசுகிருதம்: ஸசதே
- பழைய ஐரிய மொழி: செஹிதிர்

இந்நான்கும் ஒரே வேரிலிருந்து தோன்றியவை. நான்குமே தத்தம் மொழியில் நடுவினை அல்லது முரண்வடிவ வினை வடிவம் உடையவை. எனவே இவ்வினையின் தனித்தன்மை இலத்தீனில் புதிதாகத் தோன்றியதன்று, அம்மொழிகள் பிரியும் முன்பே இருந்தது எனக் கொள்ளப்படுகிறது.

இலத்தீன் விகுதிகளில் வரும் 'ர்' ஒலி முன்பு இத்தாலிய, கெல்திய மொழிக் கிளைகளுக்கே உரிய சிறப்பாகக் கருதப்பட்டது. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடு ஆசியாவின் தொக்காரிய மொழி ஆராயப்பட்டது. 1915 இல் பெத்ரிக் ஹ்ரோஸ்னி அனத்தோலியாவின் இத்தைத்து மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று காட்டினார். இவ்விரு மொழிகளின் நடுவினை விகுதிகளிலும் 'ர்' ஒலி காணப்பட்டதால், அது மிகப் பழைய கூறு என்ற கருத்து வலுப்பெற்றது.

பொருள்வழிக் குழுக்கள்

முரண்வடிவ வினைகளைப் பொருள் அடிப்படையில் தொகுத்தால் பல வினைகள் சில குழுக்களில் அடங்குகின்றன.

- உடல், உயிர் நிலை மாற்றம்: பிறத்தல், இறத்தல்
- உள்ளத்து உணர்ச்சி: வியத்தல், அஞ்சுதல், சினத்தல்
- இடப்பெயர்ச்சி: புறப்படுதல், பின்தொடர்தல், அடியெடுத்து வைத்தல்
- பேச்சு: பேசுதல், ஒப்புக்கொள்ளுதல், பொய் சொல்லுதல்
- தன் பயன்பாடு: பயன்படுத்துதல், துய்த்தல், கைப்பற்றுதல்

இவற்றுள் பெரும்பாலானவற்றில் செய்பவரே செயலின் பாதிப்பையோ பயனையோ அடைகிறார். பல மொழிகளின் நடுவினைகளை ஒப்பிட்டுச் சூசன் கெம்மர் 1993 இல் வெளியிட்ட நூலிலும் உணர்ச்சி, உடல் இயக்கம் போன்ற பொருட்குழுக்கள் சுட்டிக்காட்டப்பட்டுள்ளன.

எனினும் பொருளை மட்டும் கொண்டு ஒரு வினை முரண்வடிவம் பெறுமா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. 'பேசுகிறேன்' என்னும் 'லொக்வொர்' முரண்வடிவ வினை. 'சொல்கிறேன்' என்னும் 'தீகோ' சாதாரணச் செய்வினை. அதனால் ஒவ்வொரு வினையையும் தனியே கற்க வேண்டியுள்ளது.

பெயர் குறித்த விவாதம்

கிரேக்க மொழி ஆய்வில் முரண்வடிவ வினை என்ற கருத்தே கேள்விக்கு உள்ளாகியுள்ளது. கிரேக்கத்தில் நடுவினை உயிருள்ள பகுப்பாக இருந்தது. எனவே மகொமாய் (போரிடுகிறேன்), பூலொமாய் (விரும்புகிறேன்) போன்றவை தமக்குரிய நடுவினைப் பொருளையே தருகின்றன என்றும், அவை எதையும் களைந்துவிடவில்லை என்றும் வாதிடப்படுகிறது. பண்டைய கிரேக்க நடுவினையின் பல பொருள்களை விளக்கி ரூட்கர் ஆலன் 2003 இல் வெளியிட்ட ஆய்வு இப்பார்வைக்கு வலுச் சேர்த்தது.

இலத்தீனின் நிலை சற்று வேறானது. அங்கு நடுவினை தனிப் பகுப்பாக இல்லை. இலத்தீனைக் கற்பவர் காண்பது செய்வினை, செயப்பாட்டுவினை என்ற இரண்டையே. ஆகவே வடிவத்துக்கும் பொருளுக்கும் இடையிலான முரண் அம்மொழியின் அமைப்பில் உண்மையாகவே உள்ளது. மொழியியலில் இச்சொல் இன்னும் விரிந்த பொருளிலும் வழங்குகிறது. ஓர் இலக்கணப் பொருளுக்குரிய வடிவம் அதற்கு நேர்மாறான பொருளில் வரும் நிலைகள் பல மொழிகளிலிருந்து தொகுக்கப்பட்டு, 2007 இல் பேர்மன், கார்பெட், பிரவுன், ஹிப்பிஸ்லி ஆகியோர் பதிப்பித்த நூலில் ஆராயப்பட்டுள்ளன.

மறைவு

பழைய இலத்தீனிலேயே சில முரண்வடிவ வினைகள் செய்வினை வடிவத்திலும் வழங்கின. எழுத்து மொழி அவற்றை வரையறுத்துக் காத்தபோதும் பேச்சுமொழி எளிமையை நாடியது. கி.பி. 1 ஆம் நூற்றாண்டில் பெத்ரோனியுஸ் எழுதிய சாத்திரிக்கோன் என்னும் நூலில் விடுதலை பெற்ற அடிமைகள் விருந்தில் உரையாடும் பகுதி உள்ளது. அதில் ஒருவர் 'பேசுகிறாய்' என்பதற்கு 'லொக்வெரிஸ்' என்னாமல் 'லொக்விஸ்' என்று செய்வினை விகுதி சேர்த்துப் பேசுகிறார். கல்வியறிவு குறைந்தோரின் பேச்சைக் காட்ட ஆசிரியர் பயன்படுத்திய இவ்வடிவமே பிற்கால மாற்றத்தின் திசையைக் காட்டுகிறது.

இலத்தீனிலிருந்து பிறந்த இத்தாலியம், பிரெஞ்சு, எசுப்பானியம் ஆகிய மொழிகளில் முரண்வடிவ வினைகள் இல்லை. பின்தொடர், பிற, இற ஆகிய வினைகள் அம்மொழிகளில் சாதாரணச் செய்வினை விகுதிகளையே ஏற்கின்றன. ஆயினும் இத்தாலியத்தில் 'பிறந்தான்' என்பதற்கு 'எ நாத்தோ' என்றும், பிரெஞ்சில் 'இறந்தான்' என்பதற்கு 'இல் எ மோர்' என்றும் 'இரு' வினையைத் துணையாகக் கொண்டு கூறுகின்றனர். இவை இலத்தீனின் 'நாத்துஸ் எஸ்த்', 'மொர்த்துவுஸ் எஸ்த்' ஆகிய வடிவங்களை ஒத்துள்ளன.

பிற மொழிகளில்

இன்று பேசப்படும் சில மொழிகளிலும் இத்தகைய வினைகள் உள்ளன. சுவீடிய மொழியில் வினையின் இறுதியில் 'ஸ்' சேர்த்துச் செயப்பாட்டுவினை ஆக்கப்படுகிறது. ஆனால் ஹொப்பஸ் (நம்பிக்கை கொள்), அந்தஸ் (மூச்சுவிடு), மின்னஸ் (நினைவுகூர்) ஆகியவை 'ஸ்' ஒலியில் முடிந்தும் செய்வினைப் பொருளே தருகின்றன. இந்த 'ஸ்' விகுதி 'தன்னை' என்னும் பொருளுடைய பழைய சொல்லிலிருந்து வந்தது. எனவே இந்தோ-ஐரோப்பிய நடுவினை மறைந்த பின்னரும் அதே பாதையில் புதிய முரண்வடிவ வினைகள் தோன்றியுள்ளன.

தற்காலக் கிரேக்கத்தில் எர்ஹொமே (வருகிறேன்), ஃபொவாமே (அஞ்சுகிறேன்), கிமாமே (உறங்குகிறேன்) முதலியவை செயப்பாட்டுவினைக்கும் உரிய விகுதிகளைக் கொண்டுள்ளன.

தமிழுடன் ஒப்பீடு

தமிழில் இலத்தீனைப் போன்ற முரண்வடிவ வினை வகுப்பு இல்லை. ஆயினும் வடிவமும் பொருளும் வேறுபடும் சில வழக்குகள் ஒப்பிடத்தக்கவை.

'படு' என்பது எழுதப்படு, அழைக்கப்படு என்றவாறு வினையெச்சத்துடன் சேர்ந்து செயப்பாட்டுவினையை ஆக்குகிறது. புறப்படு, ஆசைப்படு, பயப்படு, கோபப்படு, ஆச்சரியப்படு ஆகிய சொற்களிலும் 'படு' உள்ளது. ஆனால் இவை செயப்பாட்டுவினைகள் அல்ல. தமிழைப் புதிதாகக் கற்கும் ஒருவர் 'படு' வந்தால் செயப்பாட்டுவினை என்ற விதியை மட்டும் அறிந்திருந்தால், 'அவர் புறப்பட்டார்' என்பதில் அவரை யார் என்ன செய்தார் என்று தேடக்கூடும். இலத்தீனைக் கற்பவர் 'லொக்வித்துர்' என்பதைக் காணும்போது அடையும் குழப்பமும் இத்தகையதே. புறப்படு, பயப்படு, கோபப்படு, ஆச்சரியப்படு ஆகிய பொருள்களுக்கு இலத்தீனில் முறையே புரொஃபிகீஸ்கொர், வெரெயொர், ஈராஸ்கொர், மீரொர் என்னும் முரண்வடிவ வினைகள் இருப்பது கருதத்தக்கது. எனினும் தமிழ்ச் சொற்களில் 'படு' பெயர்ச்சொல்லுடன் சேர்ந்து 'அடை', 'உறு' என்னும் பொருளில் வருகிறது. அமைப்பு வேறாதலால் இவற்றை முரண்வடிவ வினைகள் என்று கூற இயலாது.

எதிர்த்திசை முரணுக்கும் தமிழில் இணைகள் உண்டு.

- 'அவன் அடி வாங்கினான்' என்பதில் வினை செய்வினை. பொருள் 'அடிக்கப்பட்டான்' என்பது. இது 'வாப்புலோ' என்னும் வினையை ஒத்தது.
- கட்டுண்டான், அடியுண்டான் ஆகியவற்றில் 'உண்' என்னும் வினை செயப்பாட்டுப் பொருள் தருகிறது.
- 'படித்த புத்தகம்' என்பதில் படித்தது புத்தகம் அன்று, அது படிக்கப்பட்டது.

செயப்படுபொருளைச் செய்பவர் போலக் கூறுவது மரபே என்று தொல்காப்பியமும் நன்னூலும் விதி கூறியுள்ளன. 'திண்ணை மெழுகிற்று' என்பது உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டாகும். திண்ணை மெழுகப்பட்டது என்பதே இதன் பொருள். வடிவமும் பொருளும் பிரிந்து நிற்பதைப் பிழையாகக் கருதாமல் வழக்கின் இயல்பாக இவ்விலக்கணங்கள் ஏற்றுக்கொண்டுள்ளன.

இக்காலச் சொற்களில் எச்சங்கள்

முரண்வடிவ வினைகளிலிருந்து தோன்றிய சொற்களும் தொடர்களும் இன்றும் ஆங்கிலம் வழியாகப் பரவலாக வழங்குகின்றன.

- நான் செக்விட்டர்: முன் கூறியதிலிருந்து பெறப்படாத முடிவைக் குறிக்கும் தருக்கவியல் தொடர். 'பின்தொடரவில்லை' என்பது நேர்பொருள்.
- மெமென்டோ மோரி: இறப்பு உண்டு என்பதை நினைவில் கொள் என்னும் பொருளுடைய தொடர். 'மோரி' என்பது மொரியொர் வினையின் எச்ச வடிவம்.
- மொரட்டோரியம்: கடன் தவணைகளை ஒத்திவைத்தலைக் குறிக்க இந்தியச் செய்தித்தாள்களிலும் வழங்கும் சொல். தாமதித்தலைக் குறிக்கும் 'மொரொர்' என்னும் வினையிலிருந்து வந்தது.
- நேச்சர் (இயற்கை), நேஷன் (நாட்டினம்): பிறத்தலைக் குறிக்கும் 'நாஸ்கொர்' வினையிலிருந்து வந்தவை.

செயப்பாட்டுவினையைக் குறிக்கும் 'பேசிவ்' என்ற ஆங்கிலச் சொல்லும் இவ்வரிசையில் அடங்கும். இது துன்பத்தைத் தாங்குதலைக் குறிக்கும் 'பத்தியொர்' என்னும் வினையிலிருந்து வந்தது. அதாவது செயப்பாட்டுவினைக்குப் பெயர் தந்த வினையே ஒரு முரண்வடிவ வினையாகும். தமிழில் செயப்பாட்டுவினையை ஆக்கும் 'படு' என்பதும் துன்பத்தை அடைதல், தாங்குதல் என்னும் பொருளுடையதாதலால், தொடர்பற்ற இரு இலக்கண மரபுகள் இவ்விடத்தில் ஒரே கருத்தைப் பயன்படுத்தியுள்ளன.

இவற்றையும் பார்க்க

- செயப்பாட்டுவினை
- இலத்தீன் மொழி
- ஆத்மனேபதம்
- இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பம்
- நன்னூல்